லைக்ரா கலந்த மூட்டை

திருப்பூர்

அன்பு மகள் ஷைமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா எழுதுகிறேன். கடிதத்தைக் கிழித்துவிடாதே கண்ணு, ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. ஃபோன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் எனக்குப் பேச்சு வராது.

அம்மா நலம். முட்டிவலிதான் அவளை விடமாட்டேன் என்கிறது.

அவிநாசிபாளையம் பக்கம் ஒரு புது ஆலை வந்திருக்கிறது. பழைய பாலியஸ்டர் துணியைக் கரைத்து மறுபடி புது பாலியஸ்டர் ஆக்குகிறார்கள். சோதனைக்கு நம் குடோனிலிருந்துதான் கட்டிங் வேஸ்ட் துணி போகிறது. போன வாரம் நானே போய்ப் பார்த்தேன். அடேயப்பா! நீலம், சிவப்பு எல்லாம் கொதித்துக் கரைந்து, சாயத்தைப் பிரித்தபின் பொடி உப்பு மாதிரி வெள்ளையாக நிற்கிறது. இந்தப் பொடி சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த செங்கல் போலத்தான், சூடேற்றிக் காற்றை உறிஞ்சினால் மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும் என்றார் மேனேஜர் தமிழ்செல்வன். முப்பது வருஷமாக வேஸ்ட் வியாபாரம் பண்ணியும் துணிக்குள் இருப்பது தெரியாமலே இருந்திருக்கிறேன். பொடியைத் தொட்டு நாக்கில் வைக்கப் போனேன்; கையைத் தட்டிவிட்டார்.

ஆனால் நம் மூட்டையிலிருந்து வந்த பொடி மஞ்சளாகிவிட்டது. அதில் இழுத்த நூல் பொட்டுப் பொட்டென்று அறுந்தது. தப்பு என்னுடையது. வழக்கம்போல மூட்டைக்கு ஒரு நூலைக் கொளுத்தி, உருகி உருண்டதும் பாலியஸ்டர்தான் என்று அனுப்பிவிட்டேன். லெக்கின்ஸ் துணியில், இழுத்தால் நீளுகிற லைக்ரா நூல் கலந்திருந்ததாம். நெருப்பு அதையெல்லாம் காட்டாது என்று காலேஜ் படிக்கும்போதே நீ சொன்னாய். பெரிய விஞ்ஞானி வந்துட்டா என்று வேலையாட்கள் முன்னால் உன்னை நக்கலடித்தேன்.

இருபதாம் தேதி அடுத்த சோதனை. இதுவும் கெட்டால் வேறு குடோனைப் பார்த்துக்கொள்வார்களாம். லைக்ராவை எப்படிங்க பிரிக்கறது என்று தமிழ்செல்வன் கேட்டதும், எம் புள்ளை புனேயில இதைத்தானுங்க ஆராய்ச்சி பண்ணுது, கேட்டுச் சொல்றேனுங்க என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது பெருமையாக இருந்தது. உன்னோடு பேசிப் பதினாலு மாசம் ஆகிறது என்பது வண்டியில் ஏறியபிறகுதான் உறைத்தது.

புனேவுக்குத் தனியாகப் போகாதே என்று மல்லுக்கு நின்றது தப்பு. ஸ்டேஷனுக்கு வராமல் குடோனில் உட்கார்ந்திருந்தது அதைவிடப் பெரிய தப்பு. அன்றைக்கு ஒரு மூட்டைகூடப் பிரிக்கவில்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

லைக்ராவுக்கு ஒரு வழி எழுது. வேறெதுவும் எழுத மனசு வராவிட்டால் அதை மட்டும் எழுது. எனக்குப் புரியாது, பரவாயில்லை. நீ எழுதினால் போதும்.

அல்லாஹ் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் அத்தா,
சலாவுதீன்