நைனாவின் பலகைக்குப் பக்கத்தில் உன் துடுப்பு

தலையில் குட்டியே என்னை வளர்த்த அண்ணாத்தே,

அங்கே குட்டுவதற்கு உனக்குத் தலை எதுவும் கிடைத்ததா? இங்கே என் தலை சும்மாதான் இருக்கிறது.

நம் திருவொற்றியூர்க் குப்பத்து மாதா கோயில் இன்னும் நிற்கிறது. சுவர் பறங்கிக்காரன் காலத்தது. கூரை மட்டும் நம்முடையது. கடலில் போய்த் திரும்பாதவனின் படகிலிருந்து கரை ஒதுங்கும் பலகையை அவன் வீட்டு ஆளே அங்கே ஏறி, ஓட்டுக்கு அடியில் கயிறு போட்டுக் கட்டுவான். நம் படகைப் போலவே அதிலும் ஆணி கிடையாது. ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே ஓடியபோதும் அசையாத கூரை.

ஓடு மாற்ற வந்த மேஸ்திரிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? விறகுக்கட்டு என்று நினைத்துக் கயிற்றை அறுத்தான். எல்லாம் ஒரே கயிறு. ஒரு வரிசையே சரிந்தது. கடலோடு போன நைனாவின் பலகை பீடத்தில் விழுந்து பிளந்தது.

நீ துடுப்போடு ஓடிவந்தாய்.

“இன்னாடா, எங்க நைனாவ ரெண்டாந்தபா சாவடிக்கிறியா?”

“தள்ளுபா! கூலிக்கு வந்தவன் நானு!”

அவன் தோளில் ஒன்று போட்டாய். அவன் ஆட்கள் உன்மேல் விழுந்தார்கள். நான் ஒருவன் காதைக் கடித்தேன், ரகசியம் சொல்வதற்காக அல்ல. அப்போதுதான் கடப்பாரை இறங்கிய சத்தம் கேட்டது. துடுப்பு முறிந்தது. உன் மண்டையும். கழுவிக் கழுவியும் தரைக்கல் இடுக்கில் நீ இன்னும் கருஞ்சிவப்பாக இருக்கிறாய்.

மேஸ்திரி ஜெயிலில். ஓட்டு வேலை நின்றுவிட்டது. நைனாவின் பலகையை நான் மறுபடி கட்டிவிட்டேன். பக்கத்தில் உன் துடுப்பைக் கட்டுகிறேன் என்றேன். குப்பத்துத் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“கடல்ல போனவனுக்குத்தான்டா கூரைல எடம். ஒன் அண்ணன் தரைல அட்ச்சிக்கினு செத்தான்.”

“அந்தக் கூரைக்குத்தான செத்தான், பெருசு? ஒங்க வூட்டுக் கூரைக்கா?”

விட்டார் ஒரு அறை. வாயெல்லாம் ரத்தம், உப்புக் கரித்தது. “இந்தா, கடல் தண்ணி” என்று அவர் வேட்டியிலேயே துப்பினேன். இன்னொரு அறை. அவர் செருப்புக்குள் நண்டு போனது அதற்கப்புறம்தான். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாயா, குட்டியிருப்பாயா?

நேற்று ஆத்தா உன் கயிற்றுச் சுருளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

“போய்க் கட்றா. எவன் அவுக்கிறான்னு நான் பாத்துக்கறேன்.”

மாதா திருநாளன்று ஊரே கொடியேற்றத்தைப் பார்க்கும்போது நான் கூரைமேல் இருப்பேன். நீ குட்டிக் குட்டிச் சொல்லித்தந்த அதே முடிச்சு. ஏணியடியில் ஆத்தா உட்கார்ந்திருப்பாள், மீன் அரியும் கத்தியோடு. இது சத்தியம்.

துப்பித் தீராத உன் ரத்தம்,
தம்பி சவரி