ஜீப் திறப்பும் கேற் திறப்பும்

இன்று காலை என் கணினித் திரையில் அந்த வரிகள் மீண்டும் வந்தன. ஒரே தரவை இரு வேலைகள் ஒருங்கே தொடாதபடி நிரலில் வைத்த இரண்டு பூட்டுகள் ஓரிடத்தில் ஒரு வரிசையிலும் இன்னோரிடத்தில் மறு வரிசையிலும் பிடிக்கப்படுகின்றன, இது முடக்கத்தில் முடியக்கூடும் என்று இயங்குதளம் தானாகவே எழுதும் எச்சரிக்கை. தெஹிவளையில் என் யன்னலுக்குக் கீழே கடற்கரை ரயில் கடந்து போனது. என் காதுகள் சுட்டன. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அந்த எச்சரிக்கையைக் கண்டால் எனக்கு முதலில் வருவது சிந்தனையன்று, வெட்கம். நீர் மறைந்த செய்தி கிடைத்த பின் அதை நான் காண்பது இதுவே முதல் முறை.

போர்க்காலத்தில் நாமிருவரும் கொழும்பை அடுத்த இரத்மலானையில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்தோம். அலுவலகக் கோப்புகளைச் சேமிக்கும் இயந்திரம் ஒன்றுக்கு நிரல் எழுதுவது நமது பணி. நீர் கொழும்புக் கொட்டாஞ்சேனைக்காரி, பட்டதாரி. நானோ யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் வாடகை அறையொன்றில் இருந்துகொண்டு, இரவல் நூல்களால் தானே கற்றவள். அதை நான் மறைத்ததில்லை. மற்றவர்களை மறக்க விட்டதுமில்லை. என் பேச்சு நடைக்காக நீர் எனக்கு இட்ட பெயர் 'பண்டிதர்'.

கோப்பொன்றின் பெயரை மாற்றும்போது என் நிரல் முதலில் கோப்புகளின் பட்டியலான அடைவின் பூட்டையும் பிறகு மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவின் பூட்டையும் பிடித்தது. நினைவகம் குறையும் வேளையில் ஓடும் இன்னொரு பகுதி அவற்றை மறுதலையாகப் பிடித்தது. எச்சரிக்கை அதைத்தான் சொன்னது. நான் அதைத் திருத்தவில்லை. அதன் வாயை அடைக்கும் ஒரு வரியைச் சேர்த்தேன்.

"இந்த வோர்னிங்கோட மெஷினைக் குடுக்கேலாது" என்று அன்று காலை எல்லோர் முன்னிலையிலும் நீர் சொன்னீர்.

"சோதனையில் ஒரு தடவையேனும் முடங்கியதா? நடக்காத ஒன்றுக்கு இவ்வளவு காகிதம் ஏன்? பட்டம் பெற்றவர்களுக்கு நிழலைக் கண்டாலும் நடுக்கம்" என்றேன். சிலர் சிரித்தார்கள். உமது கூற்றைத் தவறென்று நிறுவுவதற்காகவே, அந்த எச்சரிக்கை முழுவதையும் அச்சிட்டு மாலையில் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன்.

அந்த நாட்களில் அப்படியான தாள்களோடு கொழும்பின் காலி வீதியில் பயணம் செய்யலாமா என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. வெள்ளவத்தைப் பாலத்தடியில் பொலிஸார் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். பையில் எண்களும் எழுத்துகளும் கலந்த தாள்கள்.

"மொகக்த மே?" இது என்ன என்று பொலிஸ்காரர் கேட்டார்.

நான் பெருமைப்பட்டுக்கொண்ட ஆங்கிலத்தில், நீண்டதொரு வாக்கியமாகப் பதில் சொன்னேன். அவர் முகம் இறுகியது. ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். மற்றவர்கள் ஏறினார்கள், பஸ் புறப்பட்டது. அது நின்ற இடத்தில், அதிலேயே வந்த நீர் ஏறாமல் நின்றீர், சாப்பாட்டுப் பையோடு.

உமது சிங்களம் கொட்டாஞ்சேனைக் கடைகளில் பழகியது. அதில் தயக்கமே இல்லை. பொலிஸ்காரரை 'ராலஹாமி' என்று விளித்து நீர் சொன்னவை எனக்கு, சாவியைத் திறப்பு என்னும் நம் தமிழில்தான் நினைவிருக்கின்றன.

"ராலஹாமி, இது கொம்பியூட்டர் அழுத அழுகை. உங்கட ஜீப் திறப்பு ஒருத்தரிட்ட, ஸ்டேஷன் கேற் திறப்பு இன்னொருத்தரிட்ட எண்டு வையுங்கோ. ரெண்டு பேருக்கும் ரெண்டு திறப்பும் வேணும். மற்றவர் தரும் வரைக்கும் தன்ரதை விடமாட்டன் எண்டு ரெண்டு பேரும் நிண்டால்? ஸ்டேஷனே நிண்டிடும். அதைத்தான் எழுதியிருக்கு."

"இப்ப நிண்டிட்டுதோ?"

"இன்னும் இல்லை."

"நடக்காத ஒண்டுக்கு இவ்வளவு கடுதாசி ஏன்?"

காலையில் நான் சொன்ன அதே வாக்கியம், துப்பாக்கி தாங்கிய ஒருவரின் வாயிலிருந்து. நீர் என்னைத் திரும்பிப் பார்த்தீர். அந்தப் பார்வையில் ஏளனம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நடந்தாப் பிறகு அதாலை வாய் திறக்கேலாது. ஏலுமான நேரத்திலதான் சொல்லும்" என்றீர். பிறகு, குரலை மாற்றாமலே, "நீங்களும் ஒண்டும் நடக்க முதல்தானே எங்களை மறிக்கிறியள்?"

அவர் உம்மைப் பார்த்தார், தாள்களைப் பார்த்தார், சிரித்துவிட்டார். தாள்களை மடித்து என்னிடமன்று, உம்மிடம் தந்தார்.

உமது அட்டையில் கொழும்பு என்றிருந்தது. 'எங்களை' என்று சொல்ல உமக்கு ஒரு கட்டாயமும் இருக்கவில்லை. காலையில் உம்மை எள்ளி நகையாடிய ஒருத்திக்காகப் பஸ்ஸில் ஏறாமல் நிற்கவும் இருக்கவில்லை.

என் அறை வரைக்கும் கூட நடந்து வந்தீர். வழியெல்லாம் நான் ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று, "இன்று தாங்கள் ஆற்றிய பேருதவிக்கு" என்று தொடங்கினேன்.

"பண்டிதர், வசனத்தை விடும். எந்தப் பூட்டு முதல்?"

"அடைவு."

"பிறகு?"

"பதிவு."

"எல்லா இடத்திலயுமோ?"

"எல்லா இடத்திலும்."

"அப்ப சரி. அந்தா பஸ் வருது" என்று ஓடினீர்.

மறுநாள் வரிசையைத் திருத்தினேன். வாக்கியத்தை மட்டும் முடிக்கவில்லை. நீர் கடல் கடந்து போன பின்னரும் அதைத் திருத்திக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் அழகாயிற்று, ஒரு முறையும் அனுப்பவில்லை. வாய் திறக்கக்கூடிய நேரம் என்றால் என்னவென்று உம் வாயாலேயே கேட்டறிந்த பின்னரும்.

இன்று காலையும் என் கை முதலில் அந்த வாயடைக்கும் வரியைத்தான் தட்டத் தொடங்கியது. பாதியில் கண்டுகொண்டேன். அழித்தேன். பிறகு எச்சரிக்கையை முதல் வரியிலிருந்து, உரத்து, உமக்குக் கேட்கும்படியாக வாசித்தேன்.