இரண்டாவது சாவி

என்னங்க,

உங்கள் தம்பிதான் புது முகவரியைத் தந்தார். அங்கே நீங்களும் அவளும் சௌகரியம் என்றார். சந்தோஷம்.

ஆஸ்பத்திரி வேலைக்கு என்னைக் கொண்டுபோய் விட இனி ஆளில்லையே, மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டேன். கடைக்காரர், “சார் வரலையாம்மா?” என்றார். “வேலையா இருக்காரு” என்றேன். நீங்கள் ஆசைப்பட்ட பெரிய வண்டியில் ஏறிப் பார்த்தேன், கால் தரைக்கு எட்டவில்லை. சின்னதையே எடுத்தேன். இந்த ஊர் நெரிசலில் தனியாகத் தாங்கி நிற்க வேண்டுமே.

நம் தெருவில் வண்டிகள் திருடு போகின்றன, சங்கிலிப் பூட்டும் வாங்கினேன். “ரெண்டு சாவி இருக்கும்மா. ஒண்ண வீட்டுல யார்கிட்டயாவது குடுத்து வைங்க” என்றார் பூட்டுக்கடைக்காரர். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தச் சாவியை இதோடு அனுப்புகிறேன். நீங்கள் வர வேண்டாம். என்னுடையது தொலைந்தால் ஃபோன் பண்ண ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

‘உங்கள்’ என்றே எழுதிப் பழகிவிட்டதால்,
உங்கள் நான்