உன் தோழிக்கு எழுதியது

காட்டூர், திருச்சி
14.7.2025

அன்புத் தங்கை ஜெஸ்லினுக்கு,

அக்கா லூர்துராணி எழுதுவது. மாதா துணையால் இங்கே எல்லாரும் சுகம். மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமா? போனில் உன்னைப் பற்றிக் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால் மஸ்கட் திரும்பும் டோமினிக் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மார்பில் கட்டி தட்டுப்பட்டால் என்ன செய்வது என்று ஒரு தோழிக்காகக் கேட்டாய். சரி, தோழிக்கே எழுதுகிறேன்.

போன வாரம் தில்லைநகரில் நான் மாமோகிராம் எடுத்துக்கொண்டேன். எனக்குக் கட்டி எதுவும் இல்லை. நாற்பது தாண்டிவிட்டது, அம்மாவுக்கு அந்த நோய் இருந்தது, அதற்காகத்தான். பூசைக்குப் போகிறமாதிரி குளித்து, வேளாங்கண்ணி எண்ணெய் தடவி, மேலே பவுடரும் போட்டுக்கொண்டு போய் நின்றேன். பவுடர் படத்துல புள்ளி புள்ளியா விழும்ங்க, நல்லா தொடச்சிட்டு வாங்க என்று படம் எடுக்கிற பெண் திருப்பி அனுப்பிவிட்டாள். டீச்சரான எனக்கு இதுகூடத் தெரியவில்லை. இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து அழுத்தும்போது வலித்தது, முகம் சுளிப்பதற்குள் முடிந்தும்விட்டது. பயப்பட ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்தது.

ஸ்ரீரங்கத்துக்குப் போய் டாக்டர் யமுனாவிடம் உன் தோழியைப் பற்றியும் கேட்டேன். வருடாவருடம் படம் எடுப்பதெல்லாம் கட்டி எதுவும் தட்டுப்படாதவர்களுக்காம். கட்டி கைக்குப் பட்டவள் ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாதாம். முதலில் டாக்டர் தொட்டுப் பார்ப்பார். இளவயதில் சதை அடர்த்தியாக இருப்பதால் அல்ட்ராசவுண்டு கட்டாயம், மாமோகிராமும் எடுப்பார்கள், சந்தேகம் இருந்தால் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். வலிக்கவில்லை என்று சும்மா இருக்கக் கூடாது. முக்கால்வாசிக் கட்டி புற்றுநோயாக இருக்காது, ஆனால் அது பார்த்தால்தான் தெரியும் என்றார்.

இங்கே இரண்டு நாளாக நல்ல மழை. ஆசீர் அத்தான் குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்து என்னைக் குறை சொல்கிறார்.

பேச்சுவாக்கில், தோழியின் அம்மாவும் நாற்பத்தாறில் போய்விட்டதாகச் சொன்னாய். நம் அம்மா எட்டு மாதம் எண்ணெய் தடவியே மறைத்தாள். நம் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் தோழி தனியாகப் போக வேண்டாம். பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துவிட்டேன், பள்ளிக்கூடத்தில் லீவும் சொல்லியாயிற்று. ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுகிறேன். பவுடர் மட்டும் போடாமல் போகச் சொல்.

தினமும் அவளுக்காகச் செபமாலை சொல்கிறேன், பாப்பா. அவள் பெயரை நீ சொல்லவே இல்லை. அதனால் உன் பெயரைச் சொல்லித்தான் வேண்டிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
லூர்துராணி