ராட்டினம் பாதியில் நின்றது

ஏப்ரல் 21, திங்கள்

உமைமா இன்றும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். "போதுங்க." அவ்வளவுதான். விருந்துக்கு வந்தவர்கள் சொல்வதுபோல. எட்டு வயதுப் பிள்ளைக்கு இத்தனை மரியாதை எங்கிருந்து வருகிறது?

அவள் தம்பி ஃபவாஸ், எங்கள் நிக்காஹ் முடிந்த வாரமே 'சாச்சி', அதாவது சின்னம்மா, என்று மடியில் ஏறிவிட்டான். நாலு வயது. அவனுக்கு அம்மாவின் முகம் நினைவில்லை. உமைமாவுக்கு இருக்கிறது. என்னை எந்த முறை சொல்லியும் அவள் கூப்பிடுவதில்லை. அவர்கள் அம்மா ரிஸ்வானாவின் புடவைகள் அலமாரியின் மேல்தட்டில் அப்படியே இருக்கின்றன. நான் அவற்றைத் தொடுவதில்லை. தொடாமல் இருக்கிறேனா என்று உமைமா பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

இவரிடம் சொன்னேன். "டைம் குடு ஜெரினா, பேஜாராவாத" என்றார். தவ்ஃபீக்குக்கு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. புழலிலிருந்து நவ்ரீன் லாத்தா வந்திருந்தார். ரிஸ்வானாவின் அக்கா. தங்கை மவுத்தான பிறகு, நான் இந்த வீட்டுக்கு வரும்வரை, பிள்ளைகள் இருவரையும் அவர்தான் வளர்த்தார். இரண்டு வருஷம். அதை நான் மறக்கவில்லை.

உமைமாவின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இன்னா இது, எளச்சிப் போய் கீது கொயந்த?" என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக் கேட்டார்.

டீ குடிக்கும்போது இவரிடம் சொன்னார்: "தம்பி, லீவு முடியறதுக்குள்ள பாக்குறேன். புள்ளைங்க இங்க ஒட்டலன்னா நானே இட்டுகினு பூடுறேன். எங்க தெருவுலயே ஸ்கூலு, சீட்டு கேட்டு வச்சிட்டேன்."

இவர் பேச்சை மாற்றினார். "மே ஒண்ணாம் தேதி எனக்கு ஆபீஸ் இல்ல. எல்லாரும் தீம் பார்க் போலாம். லாத்தா, நீங்களும் வாங்க" என்றார்.

அடுப்படியில் கேட்டேன். "இன்னாத்துக்கு அவங்களையும் கூப்டீங்க?"

"வந்து பாக்கட்டும். புள்ளைங்க உன்னோட எப்டி கீறாங்கன்னு அவங்களுக்கே தெரியும்ல?"

எப்படி இருக்கிறார்கள் என்று இவருக்குத் தெரியுமா? துறைமுக வேலை முடிந்து இவர் வரும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வண்ணாரப்பேட்டையில் இரண்டு பேருக்கும் துணி எடுத்தோம். "எது புடிச்சிருக்கு?" என்று உமைமாவைக் கேட்டேன். "எதுனா எடுங்க."

ஏப்ரல் 30, புதன்

நாளைக்கு. தீம் பார்க் போக யாராவது பயப்படுவார்களா?

மே 2, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. வீட்டில் பிள்ளைகள் இல்லை. நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன். பிறகு யாராவது வேறு மாதிரி சொன்னால் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

கல்மண்டபத்திலிருந்து காலையில் வேன். பூந்தமல்லி தாண்டியதும் ஃபவாஸ் வாந்தி எடுத்தான். நான் துடைப்பதற்குள் லாத்தா துடைத்துவிட்டார். உள்ளே ஊரே திரண்டிருந்தது. தண்ணீர் விளையாட்டுப் பக்கம் உமைமா வரவில்லை. ரயில், குதிரை, கார், எதற்கும் "வேணாங்க". லாத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்த்தியா என்பதுபோல.

பிறகு பெரிய ராட்டினத்தடியில் அவளே நின்றாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "நான் இதுல ஏறுறேன்" என்றாள்.

"வேணாம்டி. பயந்துக்குவ" என்றார் லாத்தா. அவருக்குத் தலைசுற்றல், ஏறமாட்டார். இவர் ஃபவாஸுக்கு ஐஸ் வாங்கப் போயிருந்தார். உமைமா என்னைப் பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல்தடவையாக அவள் ஒன்றைக் கேட்கிறாள். நான் எப்படி மறுப்பேன்?

"நான் கூட போறேன் லாத்தா. ஒண்ணும் ஆவாது."

அந்த 'ஒண்ணும் ஆவாது' என்ற வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

இரண்டு சுற்று நன்றாகத்தான் போனது. மூன்றாவதில் நாங்கள் உச்சிக்குப் போகிற நேரம், ஒரு குலுக்கு. நின்றுவிட்டது. பாட்டுச் சத்தமும் நின்றது. கரண்ட் இல்லை. கீழே யாரோ விசில் ஊதினார்கள். "யாரும் எழுந்திரிக்காதீங்க, கையால சுத்தி ஒவ்வொருத்தரா எறக்குறோம்" என்று கத்தினார்கள். எங்கள் பெட்டி காற்றில் லேசாக ஆடியது. கம்பி சுட்டது. உச்சி வெயில்.

உமைமா அந்தக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். என் கையை நீட்டினேன். பிடிக்கவில்லை.

"கீழ பாக்காதம்மா. தூரமா பாரு, அந்த ஏரியப் பாரு."

"எறங்கணும்."

"எறக்கிருவாங்க."

"அத்தாவக் கூப்புடுங்க."

இவரை எங்கிருந்து கூப்பிடுவது? என் போன் லாத்தாவின் பையில் இருந்தது. ஓதிக்கொண்டே இருந்தேன்.

கீழே ஒரு பெட்டியை இறக்கினார்கள். எங்களுடையது ஒரு முழம் திடீரென்று சரிந்து நின்றது. அவள் கத்தக்கூட இல்லை. சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அவள் அழுதுகொண்டிருந்தாள். பயத்தில் அல்ல. குனிந்து தன் மடியைப் பார்த்து அழுதாள். மஞ்சள் சுடிதாரில் ஈரம் பரவியிருந்தது. இருக்கையிலும்.

"பெரிம்மா கிட்ட சொல்லாதீங்க."

அவள் என்னை நம்பிச் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

நான் யோசிக்கவில்லை. காலடியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து அவள் மடியில் ஊற்றினேன். திடுக்கிட்டுப் பார்த்தாள். என் புடவையிலும் ஊற்றினேன். "மூடி லூசு. நான்தான் கொட்டிட்டேன். சரியா?" என்றேன். பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, மிச்சமிருந்ததைத் தானே என் மடியில் கவிழ்த்தாள்.

நாங்கள் கடைசி ஆட்கள் இல்லை. ஆனாலும் இறங்கும்போது கூட்டம் கூடியிருந்தது. லாத்தா ஓடிவந்து உமைமாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"சொன்னேன்ல? ஏத்தாதன்னு சொன்னேன்ல? இன்னாடி இது, புள்ள சொட்டச் சொட்ட நனஞ்சிகினு கீது!"

"பாட்டில் கொட்டிருச்சு லாத்தா. நான்தான்."

"ஒரு பாட்டில மூடத் தெரியல, ஒனக்கு இன்னாத்துக்குடி புள்ள? பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

அத்தனை பேர் நடுவில். பிள்ளை இல்லையென்று முதல் புருஷன் வீட்டிலிருந்து அனுப்பப்பட்டவள் நான். அது லாத்தாவுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். இவர் ஐஸ் கையோடு நின்றார். ஐஸ் உருகி இவர் கை வழியாக ஒழுகியது. ஒரு வார்த்தை பேசவில்லை.

உமைமாவும் பேசவில்லை. அவள் பேசக்கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் — ஏன் எழுத வெட்கப்பட வேண்டும் — ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

திரும்பி வரும்போது புழலில் வேன் நின்றது. "ரெண்டு நாள் இங்க இருக்கட்டும்" என்று லாத்தா பிள்ளைகளோடு இறங்கிவிட்டார். இவர் தலையாட்டினார்.

மே 3, சனி

இவரிடம் கத்திவிட்டேன். "ஒங்க வாய்ல இன்னா இருந்துச்சு அன்னிக்கு? கொயக்கட்டையா?" இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "தப்புதான். அவங்க ரெண்டு வருஷம் பாத்துகினாங்களேன்னு வாயே வரமாட்டுது" என்றார்.

என்ன நடந்தது என்று கேட்டார். பாட்டில் கொட்டியது என்றேன். இவரிடமும் சொல்லப்போவதில்லை. அது என்னுடையது இல்லை, உமைமாவுடையது.

சாயங்காலம் லாத்தா போன். உமைமாவை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறாராம். நாளை வந்து பேசச் சொன்னார்.

மே 4, ஞாயிறு

புழல் போனோம். லாத்தா எங்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளை சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, ராட்டினம், பாட்டில். இவர் இந்தத் தடவை வாயைத் திறந்தார். "லாத்தா, ஜெரினாவ அன்னிக்கு நீங்க சொன்ன வார்த்த தப்பு."

"நான் சொன்னது இன்னா தப்பு? தண்ணி பாட்டில கூட..."

"அவங்க கொட்டல பெரிம்மா."

உள்ளறை வாசலில் உமைமா நின்றிருந்தாள். நான் தலையை அசைத்தேன், வேண்டாம் வேண்டாம் என்று. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"நான்தான் மேல ஒண்ணுக்குப் போயிட்டேன். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அவங்க தண்ணிய ஊத்துனாங்க. அவங்க மேலயும் ஊத்திகினாங்க."

முகமெல்லாம் சிவந்துவிட்டது பிள்ளைக்கு. எட்டு வயதில் இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! லாத்தா அவள் பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட ஏன் சொல்லலடி?"

"நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிருவீங்க."

அடித்ததுபோல ஆகிவிட்டது லாத்தாவுக்கு. எழுந்து அடுப்படிக்குள் போனார். நானும் பின்னால் போனேன். எதற்கென்று தெரியவில்லை. டீக்குப் பால் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"ரிஸ்வானாவும் இப்டித்தான். என்கிட்ட எதையும் சொல்லமாட்டா. மாருல கட்டி கீதுன்னு கடைசிலதான் சொன்னா. சொல்லிருந்தா இட்டுகினு ஓடிருப்பேன்ல? என் வாய்க்குப் பயந்துகினு இருந்தாளா, இன்னா?"

பால் பொங்கியது. அவர் கவனிக்கவில்லை. நான் அடுப்பை அணைத்தேன்.

"லாத்தா, அது அப்டி இருக்காது."

"ஒனக்கு எப்டித் தெரியும்?" என்றார். ஆனால் கோபமாக இல்லை.

அன்று சொன்னதற்கு மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளின் துணியை அவரே மடித்துப் பையில் வைத்தார். வாசலில் என்னைப் பார்த்து, "வாரா வாரம் வருவேன்" என்றார். "வாங்க லாத்தா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

பஸ்ஸில் உமைமா ஜன்னலோரம். என் பக்கம் திரும்பவில்லை.

மே 17, சனி

பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. தட்டைக் காலி செய்கிறாள். 'போதுங்க' மட்டும் அப்படியே இருக்கிறது.

ஜூன் 11, புதன்

காலையில் பெரிய ரகளை. உமைமாவுக்கு ரெட்டைச் சடை பின்னினேன். கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கத்த ஆரம்பித்தாள். "ஒண்ணு மேல கீது, ஒண்ணு கீழ கீது! இன்னா சாச்சி இது, ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியல! ஸ்கூல்ல எல்லாம் சிரிப்பாங்க!" ரிப்பனைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "காலங்காத்தால உயிர வாங்காத!" என்று நானும் கத்தினேன். ஃபவாஸ் காதைப் பொத்திக்கொண்டான். இவர் குளியலறையிலிருந்து நுரையோடு எட்டிப் பார்த்து, "இன்னா ஆச்சு? இன்னா?" என்றார்.

"நீங்க உள்ள போங்க" என்றோம் இரண்டு பேரும்.

அவள் முறைத்தபடியே வந்து, என் முழங்கால்களுக்கு நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவிழ்த்து மறுபடி பின்ன ஆரம்பித்தேன். திட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

"ஆட்டோ போயிடும்டி" என்றேன்.

"போவட்டும். ஒயுங்கா பின்னுங்க."