நீங்கள் சொல்லாத வாக்கியம்

அப்பா,

இன்று காலை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தைத் திறந்தேன். பேர்ன் பக்கத்தில் வளர்ந்த ஒரு பெண், பெற்றோர் எரித்திரியாவிலிருந்து வந்தவர்கள். அவளுடைய கட்டுரையின் கடைசிப் பந்தி, "என் அப்பா அடிக்கடி சொல்வார்" என்று தொடங்கியது. அதற்குப் பின்னால் வந்த வாக்கியம் மிக அழகாக இருந்தது. அவ்வளவு அழகாக எந்த அப்பாவும் அடிக்கடி பேசுவதில்லை. கோப்பியைக் கீழே வைத்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரியை மூட்டம் மூடியிருந்தது. உங்களுக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. நீங்கள் போய் மூன்று வருடங்களுக்குப் பிறகு, முதல் தடவையாக.

நான் இப்போது ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், யாரை எடுப்பது என்று முடிவுசெய்யும் பிரிவில் வேலை செய்கிறேன். இதைக் கேட்டால் சிரித்திருப்பீர்கள். "அப்ப நீ அவங்கட பக்கம் போயிட்டாய்" என்றும் சொல்லியிருப்பீர்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப்போகிறேன் என்று நான் முதலில் சொன்னபோது நீங்கள் முதியோர் இல்லச் சமையலறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தீர்கள். கையில் சவர்க்கார மணம். "இங்க மட்டூராச் சோதினை எடுத்தால் சூரிச் யூனிவேசிற்றிக் கதவு திறந்துதானே கிடக்கு. திறந்த கதவை விட்டிட்டு ஏன் பிள்ளை அங்க போய்த் தட்டுறாய்?" என்று கேட்டீர்கள். நாங்கள் இருந்த ஷாஃப்ஹவுசனில் எனக்குத் தெரியாத தெரு ஒன்றுகூட இல்லை என்பதும், அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் படம் ஒன்றை இரண்டு வருடமாக மேசைக்கு மேல் ஒட்டிவைத்திருந்தேன் என்பதும்தான் என் காரணங்கள். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

நான் தேர்ந்தது 'ஏர்லி டிசிஷன்' என்ற வழி. ஒரேயொரு இடத்துக்கு மட்டும் முன்கூட்டியே விண்ணப்பிப்பது. எடுத்தால் கட்டாயம் போகவேண்டும், வேறெங்கும் போகமாட்டேன் என்று மாணவியும் பெற்றோரும் பள்ளியும் ஒப்பம் வைக்கவேண்டும். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைக் கீழிருந்து மேலாகப் பார்த்தீர்கள். அரசாங்கக் கடிதங்களையும் நீங்கள் அப்படித்தான் பார்ப்பீர்கள், முதலில் ஒப்பம், பிறகு விஷயம்.

"அவங்களும் ஒப்பம் வைக்கினமோ?"

"இல்லையப்பா. நாங்கள் மட்டும்தான்."

"எங்களை மட்டும் கட்டிப்போட்டிட்டு அவங்கள் சும்மா நிப்பினமோ? இதென்ன உடன்படிக்கை?"

அம்மா அடுப்படியிலிருந்து, "கலியாண எழுத்தும் உப்பிடித்தான். வையுங்கோ ஒப்பத்தை" என்றார். நீங்கள் வைத்தீர்கள். எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, யாரோ பின்னால் நின்று பார்ப்பதுபோல.

அந்த ஒப்பத்துக்கு மேலே இருந்த கட்டுரையில் என்ன எழுதியிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கேட்கவுமில்லை. உங்களைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். நான் பிறக்க முன்னர் நீங்கள் இலங்கையிலிருந்து வந்து இங்கே அகதி விண்ணப்பம் போட்டது, இரண்டு விசாரணை, மறுத்து 'நெகட்டிவ்' வந்தது, அதற்கு எதிராக மேல்முறையீடு, நீங்கள் சொல்லும் 'ரெக்கூர்ஸ்', போட்டது, பிறகு தற்காலிகமாக ஏற்கிறோம் என்று 'எஃப்' அட்டை தந்தது, அந்த அட்டையோடு எட்டு வருடம். எல்லாம் அம்மாவிடமிருந்து துண்டுதுண்டாகக் கேட்டவை. விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொன்ன ஆசிரியை, "உன்னிடம் இப்படி ஒரு கதை இருக்கும்போது நீ ஏன் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறாய்?" என்று கேட்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. நான் வெற்றிபெறவேண்டும் என்றுதான் சொன்னார்.

ஆனால் கதைக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. அதனால் நான் ஒன்று செய்தேன். நெகட்டிவ் வந்த அன்று நீங்கள் அம்மாவின் தோளைத் தொட்டு ஒரு வாக்கியம் சொன்னதாக எழுதினேன். மூடிய கதவுக்கு முன்னால் நின்று அழுபவனுக்குப் பக்கத்துக் கதவு தெரிவதில்லை என்பதுபோல ஒன்று. ஆங்கிலத்தில் இன்னும் நன்றாக இருந்தது. அதைச் சொன்னவர் நீங்கள், அதைக் கேட்டு வளர்ந்தவள் நான், அதனால் என்னை எடுங்கள்.

மார்கழி நடுப்பகுதியில் முடிவு வந்தது. நீங்கள் வேலைக்குப் போகமுன் திறக்கவேண்டும் என்று விடிய எழும்பி மூவரும் குசினி மேசையில் இருந்தோம். எடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. என் விண்ணப்பத்தைப் பின்தள்ளி, பங்குனியில் மற்ற எல்லோருடனும் சேர்த்துப் பார்ப்பார்களாம். நான் அழத் தொடங்கினேன். நீங்கள் கேட்டீர்கள்:

"நெகட்டிவோ?"

"இல்லை. ஆனால் ஓம் எண்டும் இல்லை."

உங்கள் முகம் தெளிந்துவிட்டது. "அட, அப்ப எஃப் தந்திருக்கிறாங்கள்! எஃப் எண்டால் என்ன, திருப்பி அனுப்பமாட்டாங்கள். நான் எட்டு வருசம் எஃப்போட இருந்தனான். இவள் மூண்டு மாசத்துக்கு அழுகிறாள்."

"இந்தாளுக்கு எல்லாம் அகதிக் கேஸ்தான்" என்றார் அம்மா. "நாளைக்கு லொத்தர் விழுந்தாலும் இவர் அதுக்கும் ரெக்கூர்ஸ் போடுவார்."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அந்த வீட்டில் மூவரும் ஒன்றாகச் சிரித்த காலைகளில் அதுவும் ஒன்று.

அன்று பின்னேரமே நீங்கள் ஒரு பென்சிலைக் கூராக்கிக்கொண்டு வந்து இருந்தீர்கள். இப்படிப் பின்தள்ளப்பட்டவர்கள் இன்னுமொரு கடிதம் அனுப்பலாம் என்று நான் சொல்லியிருந்தேன். உங்களுக்கு அது ரெக்கூர்ஸ். ரெக்கூர்ஸ் எழுதுவதென்றால் முதலில் முரண்பாட்டைக் கண்டுபிடிக்கவேண்டும். அது உங்கள் அனுபவம். முதல் விசாரணையில் உங்களைப் பிடித்துக்கொண்டு போனது எப்போது என்று கேட்டபோது, "தேருக்கு மற்ற நாள்" என்று சொன்னீர்கள். உங்கள் மனதில் இருந்தது ஊர்க்கோயில் தேர். மொழிபெயர்த்தவர் அதை ஆவணியில் வரும் நல்லூர்த் தேர் என்று எடுத்துத் திகதி போட்டுவிட்டார். இரண்டாம் விசாரணையில் மாதத்தைக் கேட்டார்கள், ஆனி என்றீர்கள். கடதாசியில் இரண்டு மாத வித்தியாசம் விழுந்தது. உண்மையைச் சொன்னவனுக்கு, முரண்பாடு என்று நெகட்டிவ். "ஒரு வசனம் பிள்ளை, ஒரு வசனம்தான் பிழைச்சது" என்று விரலை உயர்த்துவீர்கள்.

"நீ எழுதினதை வாசி. எங்கயோ முரண்பாடு கிடக்கு."

ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். உங்களைப் பற்றியது என்று தெரிந்தபோது பென்சில் நின்றுவிட்டது. கோபிப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் தலையைக் குனிந்து, வேறு யாருடைய வழக்கையோ கேட்பதுபோலக் கேட்டீர்கள். கடைசிப் பந்தி வந்தது. விட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன். ஆனால் பக்கம் முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்தது.

"நான் எப்ப இப்பிடிச் சொன்னனான்?"

"சும்மா... ஒரு முடிவுக்காக எழுதினது அப்பா."

"இதுதான் பிழை." நீங்கள் கோபப்படவில்லை. ஒரு நோயைக் கண்டுபிடித்த வைத்தியரைப்போல ஆறுதலாகச் சொன்னீர்கள். "அண்டைக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. கடிதத்தை மடிச்சு வைச்சன். கொம்மா சோறு போட்டவ. சாப்பிட்டிட்டுப் படுத்திட்டன். அவ்வளவுதான் நடந்தது."

"அதை எழுதினால் எடுக்கமாட்டினம் அப்பா."

"உண்மையை எழுது. பொய் எண்டால் பிடிச்சிடுவாங்கள். திருத்தி அனுப்பு."

நீங்கள் சொல்லச்சொல்ல எழுதினேன். என் அப்பா அப்படி எதுவும் சொல்லவில்லை, அவர் சாப்பிட்டார், படுத்தார், இதைப் பிழையாக எழுதியதற்கு மன்னிக்கவும். ஐந்து வரி. நீங்கள் அதை இரண்டு தடவை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, "இனி ஒரு முரண்பாடும் இல்லை" என்றீர்கள்.

நான் அதை அனுப்பவில்லை. பொய் எழுதினேன் என்று என் கையாலேயே எழுதிக்கொடுக்க எனக்குத் துணிவில்லை. கட்டுரைப் போட்டி ஒன்றில் வென்றதையும், அந்த நூலகத்தை நான் எவ்வளவு விரும்புகிறேன் என்பதையும் எழுதி வேறொரு கடிதம் அனுப்பினேன். அடுத்த நாள் நீங்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டே, "திருத்தினது போயிட்டுதோ?" என்று கேட்டீர்கள். "போயிட்டுது" என்றேன்.

பங்குனிக் கடைசியில் நெகட்டிவ் வந்தது.

நான் என் துக்கத்தில் இருந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும், நீங்கள் சிவப்புக் கடவுச்சீட்டுக்காகப் பாதி நிரப்பி வைத்திருந்த பத்திரத்தை அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டீர்கள் என்று. அந்த வருடம்தான் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதாக இருந்தீர்கள். மாநிலங்களின் பெயர்களையும் ஆறுகளின் பெயர்களையும் பாடமாக்கிக்கொண்டு திரிந்தீர்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோது, "திரும்ப ஒருக்கா இருத்திவைச்சு எல்லாம் கேப்பாங்கள். உண்மையைச் சொன்னாலும் அவங்களுக்குக் காணாது, பிள்ளை. நீ திருத்தி அனுப்பினதும் அவங்களுக்குக் காணேல்லை" என்றீர்கள்.

அப்போது சொல்லியிருக்கவேண்டும். அவர்களிடம் போனது உண்மை அல்ல என்று சொல்லியிருந்தால் என்னைத் திட்டிவிட்டு, அலுமாரியைத் திறந்திருப்பீர்கள். பொய்க்கு வந்த நெகட்டிவ் உங்களுக்கு விளங்கியிருக்கும். உண்மைக்கு இரண்டாம் தடவை வந்ததுதான் உங்களை இருத்திவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. சூரிச்சில் திறந்து கிடந்த கதவால் உள்ளே போனேன், படித்தேன், வேலைக்கு வந்தேன். நீங்கள் கடைசிவரை இங்கே வெளிநாட்டவராகவே இருந்தீர்கள். வாக்களிப்பு நாட்களில் எனக்கு வாக்குச்சீட்டு வந்த கடித உறையை நீங்கள் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, மேசையில் வைப்பீர்கள்.

இப்போது எனக்கு இந்தப் பக்கமும் தெரியும். நாங்கள் முரண்பாடு தேடுவதில்லை அப்பா. அதற்கு நேரம் இல்லை. இன்று பின்னேரக் கூட்டத்தில் அந்தப் பேர்ன் பெண்ணின் பெயர் வந்தபோது, பிறந்தநாளுக்கெல்லாம் எனக்குக் கேக் செய்து கொண்டுவரும் என் சக ஊழியர், "நல்ல பிள்ளை. ஆனால் இந்தக் கதை இந்த வருடம் ஏற்கெனவே இரண்டு இருக்கிறதே" என்றார். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. ஒரு சமையலறைக்குச் சாமான் எடுப்பதுபோலத்தான். வெங்காயம் பழுது என்று திருப்பி அனுப்புவதில்லை. வெங்காயம் காணும், போதியளவு இருக்கிறது, இனி வேறு ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். அவளுடைய அப்பா அந்த வாக்கியத்தை உண்மையில் சொன்னாரா என்று எவரும் கேட்கவில்லை. அவளுக்குப் போகும் கடிதத்தின் வாசகங்களை எழுதி வைத்திருப்பவள் நான். இவ்வளவு சிறந்த விண்ணப்பங்களுக்கு நடுவே மிகவும் கடினமான முடிவு என்று அதில் இருக்கும். கடினமாக இருக்கவில்லை. மூன்று நிமிடம் எடுத்தது.

அந்த ஐந்து வரியை அனுப்பியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். உங்களுக்கு எதிராக ஒரு காரணமும் இருக்கவில்லை, எனக்கு எதிராகவும் இருக்கவில்லை. இதை முன்பு ஆறுதல் என்று நினைத்திருப்பேன்.

உங்கள் கடைசி வைகாசியில் ஆஸ்பத்திரியில் அம்மா சாப்பிடப் போன ஒரு மத்தியானம் உங்களுக்கு நினைவு தெளிவாக இருந்தது. தாதி பேரைக் கேட்டுவிட்டுப் போனார். நீங்கள் அவர் போகும்வரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"பிள்ளை, அந்தத் திருத்தின கடிதம். அவங்கள் அதை வாசிச்சிருப்பினமோ?"

உங்களிடம் சொல்ல எனக்குக் கிடைத்த கடைசிச் சந்தர்ப்பம் அதுதான். உங்கள் கை என் கையில் இருந்தது, தோல் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

"ஓம் அப்பா" என்றேன். "வாசிச்சிருப்பினம்."

"அது காணும்" என்று கண்ணை மூடினீர்கள்.

அந்த 'ஓம்' இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதற்கு ரெக்கூர்ஸ் இல்லை.