முயல் சீவும் மேசை

1936 மார்ச் 3
மழை. தங்கச்சி றம்லத், புருஷன் இறந்து, இத்தாவில் உட்கார்ந்து இன்றோடு முப்பது நாள். இன்னும் கிட்டத்தட்ட நூறு நாள் வாசல் தாண்ட முடியாது. மௌத்தான மாப்பிள்ளை விட்டுப்போனது ஒன்பது சீமை முயல்கள், நீள மயிர்ச் சாதி. அவற்றைத் தன் அறைக்குள்ளேயே வைத்திருக்கிறாள். ஒரே நாற்றம். பன்வில தேயிலைத் தோட்டத்துத் துரைசானி அந்த மயிரை வாங்கி நூல் நூற்கிறவள். போன தடவை சிக்கு விழுந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

"சின்ன நானா, சீவ ஒரு மேசை செஞ்சி தாங்களேன். மடியில வச்சா துள்ளுது. மடக்குறதா ஈக்கணும். இல்லாட்டி தொழுவுறதுக்குப் பாய் விரிக்க எடமில்ல," என்றாள்.

பங்களாக்களுக்கு அலுமாரி செய்கிற கை இது. முயலுக்கு மேசையாம்! சரி என்றேன்.

மார்ச் 9
எங்கள் மூத்த அண்ணன், பெரிய நானா, கூப்பிட்டுச் சொன்னார்: "இத்தா முடிஞ்ச கையோட றம்லத்த மர்சூக்குக்கு முடிச்சிக் குடுத்திடுவோம்." மர்சூக் மாத்தளையில் புடவைக்கடை வைத்திருப்பவர். ஐம்பத்தைந்து வயது, பொஞ்சாதி இல்லை, ஆறு பிள்ளைகள். இத்தாவில் இருப்பவளிடம் கலியாணப் பேச்சு எடுக்கக் கூடாது. அதனால் அவளுக்குத் தெரியாது. வாப்பாவுக்குப் பின் பெரிய நானாதானே எல்லாம். தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கென்ன.

மார்ச் 17
பலாப் பலகை. கால்கள் பிணைச்சலில் மடங்கி அடியில் படுக்கும், சுவரில் மாட்டலாம். பொலிஷ் மட்டும் மூன்று நாள் போட்டேன். முகம் தெரிகிறது.

மார்ச் 22
ஒரு முயல் போய்விட்டது. பொலிஷில் கால் வழுக்கி, உதறி, கீழே விழுந்து முதுகு முறிந்தது. பிஸ்மி சொல்லி அறுத்தேன். யாரும் தின்னவில்லை.

"முயல் என்ன மொகமா பாக்கப் போகுது? யாருக்குப் பொலிஷ் போட்டீங்க?" என்று கேட்டாள் றம்லத்.

எனக்குத்தான். வேறு யாருக்கு? என் கெட்டித்தனத்தைக் காட்ட. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 23
மேற்பலகையில் சாக்கு இழுத்து அடித்தேன். கால்களையும் பாதிக்கு அறுத்தேன். அவள் பாயில் உட்கார்ந்து சீவுகிறவள். நானோ பங்களா மேசை உயரத்துக்குச் செய்திருக்கிறேன். மடையன்.

ஏப்ரல் 30
மயிர்ப் பையைப் பன்விலவுக்குக் கொண்டுபோனேன். துரைசானி விரல் விட்டுத் துழாவினாள். ஒரு சிக்கு இல்லை. இனி வருவதெல்லாம் தனக்கே வேண்டும் என்றாள். வந்து சொன்னதும் றம்லத் சிரித்தாள். மாப்பிள்ளை போனபின் முதற்சிரிப்பு.

"அப்ப நான் யார்ட கையையும் பாக்கத் தேவல்ல, என்ன நானா?"

மர்சூக்கின் பேர் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

மே 18
மழை. இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 11
இத்தா நேற்று முடிந்தது. நாளை ஜும்ஆ தொழுகைக்குப் பின் கலியாணம் முடிக்க வருகிறார்கள். இன்று றம்லத்திடம் சொன்னேன்.

"மூணு மாசமா தெரிஞ்சி ஈந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு முயலைச் சீவத் தொடங்கினாள். திட்டியிருந்தாலும் பரவாயில்லை.

ஜூன் 12
கலியாணம் எழுதுகிற லெப்பை வந்தார். பெரிய நானா, மர்சூக், நான். திரைக்கு அந்தப் பக்கம் றம்லத். சம்மதமா என்று லெப்பை கேட்டார். சத்தமில்லை.

"பேசாம ஈந்தா சம்மதம்தானே. எழுதுங்க லெப்பை," என்றார் பெரிய நானா.

"அது கன்னிப் பொண்ணுக்கு. இவ ஒருக்கா முடிச்சவ. வாயால செல்லணும்."

மறுபடி கேட்டார். மனசுக்குள் சொன்னேன்: பேசு, பேசு, பிள்ளை.

"வாணாம்."

பெரிய நானாவின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப ஒனக்கு யாரு சோறு போடுறது?"

யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் வாய் திறந்துவிட்டது: "அவ சோத்த அவ ஒழைக்கிறா நானா. இது என்ட வீடு, இங்கயே ஈக்கட்டும்."

இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 20
பக்கத்து வீட்டு ஞானேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு, றம்லத் தானே பையைத் தூக்கிப் பன்வில பஸ்ஸில் போயிருக்கிறாள். யாரிடமும் கேட்கவில்லை. என்னிடம் சொல்லவுமில்லை, மர்சூக் விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பகல் வந்து பார்த்தால், எனக்குச் சோறு ஆக்கி மூடி வைத்திருக்கிறாள். கறியில் உப்புக் கூடிவிட்டது. முழுவதையும் தின்றேன்.